முதலாளியான கட்டில் மெக்கானிக்

மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும் திருகில் அவர் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். மேலே நோயாளி படுத்தபடியே இருந்தார். ஆளை இறக்காமல் கட்டிலைச் சரிசெய்வது இவருடைய கைவண்ணம். இடது கை சட்டத்தைத் தாங்கும். வலது கை பல்சக்கரத்தின் இடுக்குகளில் நுழைந்து நுழைந்து வரும். படுத்திருப்பவருக்கு அசைவே தெரியாது. இந்தக் கைகளை நம்பிப் பதினொரு வருடம் கட்டில் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தார்.

ஒன்பது மாதம் முன்பு மேனேஜர் கூப்பிட்டு, "இனிமே நீங்க எங்க தொழிலாளி இல்ல, சொந்தக் கான்ட்ராக்டர்" என்று கையைக் குலுக்கினார். அதே கட்டில்கள், அதே ஸ்பேனர். காணாமல் போனவை நான்கு: மாதச் சம்பளம், லீவு, மருத்துவக் காப்பீடு, வரிப்பிடித்தம். முதல் மூன்றும் போனது அவருக்கு உறைக்கவே இல்லை. நான்காவது போனதுதான் கண்ணில் பட்டது, அதுவும் லாபமாக. மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் பணம் சல்லிக்காசு குறையாமல் வந்து விழுந்ததும், வருமானம் கால் பங்கு ஏறிவிட்டதென்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி என்றால் ஆபீஸ் வேண்டாமா? குளியலறை அளவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அதில் சுழல் நாற்காலி போட்டார். 'நிர்வாக இயக்குநர்' என்று கார்டு அடித்தார். நிர்வகிப்பதற்கும் இயக்குவதற்கும் அவரைத் தவிர ஆள் கிடையாது. கட்டில்கள் நடந்து வந்து ரிப்பேர் செய்துகொள்வதில்லை என்பதால், அந்த அறைக்கு ஈ காக்கைகூட வரவில்லை. தினமும் காலையில் நாற்காலியில் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்.

வரிப் பாடம் எடுத்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. செல்போன் உறை விற்கிறவன். "மாமா, பில்லு மட்டும் சேத்து வைங்க. எல்லாத்தையும் செலவுல கழிச்சா வரியே வராது!" என்றான்.

மாமா சேர்த்தார். முடிவெட்டிய பில், மனைவியின் மூக்குக்கண்ணாடி பில், மச்சினன் மகளுடைய ஷூ பில், டீக்கடை மேசையில் யாரோ விட்டுப்போன பில். எல்லாவற்றையும், படுத்த நோயாளிக்கு மலம் எடுக்க வைக்கும் எவர்சில்வர் பெட்பேன் ஒன்று விலைபோகாமல் கிடந்ததே, அதில் போட்டு மூடி வைத்தார்.

வரி கட்டும் கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் ஆடிட்டரம்மாவிடம் போகத் தோன்றியது. அன்று கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்பேனும் கையுமாகப் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா பெட்பேனைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார்.

"இது புதுசுதானே?"

"சத்தியமா புதுசும்மா."

"இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு யாரு கட்டில் ரிப்பேர் பண்றது? குழந்தை சைஸ் போட்டிருக்கு."

"அது வந்து..."

"முடிவெட்டினது?"

"நிர்வாக இயக்குநர் பரட்டைத் தலையோட போக முடியுமாம்மா?"

ஆடிட்டரம்மா சிரிக்கவில்லை, அதற்கு அவர் ஃபீஸ் வாங்கவில்லை. "சரி, சக்கரம், போல்ட், மோட்டார், டீசல்... இந்த பில்லெல்லாம் எங்க?"

"அதுவா? சனிக்கிழமையானா ஸ்டோர்ல போட்டுருவேனே."

"எந்த ஸ்டோர்?"

"கம்பெனி ஸ்டோர்தான். கவுன்ட்டர்ல பில்லு போட ஒரு பெட்டி இருக்கும். தொழிலாளியா இருந்தப்ப அதுல போட்டாத்தான் செலவழிச்ச காசு வரும். பதினொரு வருஷமா போட்டுப் பழகின கை."

"அந்தக் காசைத் திருப்பித் தந்தாங்களா?"

"எப்படித் தருவாங்க? நான்தான் இப்ப முதலாளியாச்சே!"

ஆடிட்டரம்மா கால்குலேட்டரைத் தட்டினார். பிறகு கட்டவேண்டிய வரித் தொகையை எழுதி நீட்டினார். வேனை விற்றால் சரியாக இருக்கும். வேன் போனால் மோட்டாரையும் சக்கரத்தையும் தலையில் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். பிழைப்பு அதோடு முடிந்தது.

"அந்த பில்லு கைக்கு வந்தா, இதுல பாதிக்கு மேல குறையும். கம்பெனிக்காரங்க அதைத் தங்களோட செலவா எழுதியிருந்தா, உங்க காசை உங்களுக்குத் தரணும். ரெண்டுல ஒண்ணு. லெட்டர் எழுதித் தரேன். போய்க் கேளுங்க."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கதையைக் கேட்டார். அவர் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்ப்பவர். இதைவிட மோசமானதையெல்லாம் தினமும் அள்ளிக் கொட்டிவிட்டு வருகிறவர்.

"வீட்டுக்கு அனுப்பினவனுக்கு வாராவாரம் தர்மம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. பெரிய மனசு, முதலாளி!"

"பேசாம பழைய வேலையவே திரும்பக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேலை எதுக்கு? பில்லக் கேளுங்க."

"உன் தம்பி பேச்சக் கேட்டுத்தான்..."

"அவன் விக்கிறது உறை. உள்ள இருக்கிறதப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

மறுநாள் காலை, ஸ்டோர் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வாசலில் நின்றார்.

"என்ன அண்ணே, இன்னிக்கு சனிக்கிழமை இல்லையே?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"போட வரல. எடுக்க வந்தேன்."

"நல்லா இருக்கே! அந்த பில்லெல்லாம் மாசாமாசம் மாடியில அக்கவுண்ட்ஸுக்குப் போய் கம்பெனி செலவுல ஏறியாச்சு."

இவர் கடிதத்தை நீட்டினார். ஸ்டோர்கீப்பர் ஒருமுறை படித்தார். 'நகல்: வரி அலுவலகம்' என்று அடியில் இருந்த வரியை மட்டும் மறுபடி படித்தார். போனை எடுத்து மாடிக்கு ஏதோ முணுமுணுத்தார். மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்தில் ஒன்பது மாதக் காசும் செக்காக இறங்கி வந்தது. கம்பெனி இத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்து பதினொரு வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

செக்கோடு கையிருப்பையும் சேர்த்தால் வரிக்குக் காணும். வேன் தப்பியது. அதை ஓட்டிக்கொண்டு நேரே வங்கிக்குப் போய், செக்கைப் போட்டுவிட்டு, இன்னொரு கணக்குத் தொடங்கப் படிவம் கேட்டார்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே சார், இது எதுக்கு?" என்றார் கவுன்ட்டர் பெண்.

"வர்றதுல கால் பங்கு என்னோடது இல்லம்மா. அது தனியா கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'கட்டில் ரிப்பேர்' என்று எழுதினார்.