இவருக்குப் பதில் இனி இவர்

என் நாத்தனார் கண்ணீரை வீணாக்குகிறவள் இல்லை. தன் கல்யாணத்தில்கூட அழாதவளாம். எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, சாயங்காலம் ஏழு மணி சீரியலில் கொண்டுவந்து கொட்டுவாள். அதுவும் அவள் வீட்டில் இல்லை, எங்கள் வீட்டில். அவள் குடியிருப்பது மாடியில். சீரியல் சத்தம் கேட்டாலே அவள் கணவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால், அழுகை இலாகா கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

நான் அவள் அண்ணனுக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத்தான் அவள் "அண்ணி" என்று கூப்பிடுவாள், இன்றைக்கும். டிவிக்குப் பக்கத்துச் சுவரில் அவர் படம் சிரித்தபடி இருக்கிறது. நாத்தனார் உள்ளே வந்ததும் முதலில் அதைப் பார்த்து, "அண்ணி, இன்னைக்கு என்ன ஆகப்போகுதோ தெரியல" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

நான் வந்து ஏழு வருஷமாகிறது. எனக்கு "இங்க பாருங்க", இல்லாவிட்டால் "உங்களைத்தான்". அவசரம் என்றால் படியில் நின்று, "வீட்டுல யாரு?" என்பாள். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன், அது அவளுக்கும் தெரியும். அவள் போனில் நான் "கீழ் வீடு". நானும் ரோஷக்காரிதான். கூப்பிடாவிட்டால் போகட்டும் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக என் காது வாசலிலேயே கிடக்கிறது. கணவரிடம் சொன்னால், "போகப் போகச் சரியாயிடும்" என்பார். குழாய் ஒழுகினாலும் அந்த மனிதர் இதைத்தான் சொல்வார்.

சீரியல் ஒரு மூத்த மருமகளின் கதை. ரொம்ப நல்லவள். மாமியார் மாடிப்படியில் தள்ளிவிட்டால், உருண்டுகொண்டே, "அத்தை, உங்க கை வலிக்குதா?" என்று கேட்கிற அளவுக்கு நல்லவள். சமீபத்தில் மாமியார் அவளுக்குக் கொடுக்கிற பாலில் விஷம் கலந்தாள். திங்களிலிருந்து வியாழன் வரை அந்த டம்ளர் கைமாறிக்கொண்டே இருந்தது. "இதுக்கு விஷம் எதுக்கு? கெட்டுப்போன பாலே போதுமே" என்றேன். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே "உஸ்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மருமகள் அந்தப் பாலைச் சூடுபண்ணச் சமையலறைக்குள் போனாள். விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்து டம்ளரோடு வெளியே வந்தது வேறொருத்தி. அதே புடவை, அதே டம்ளர், முகம் மட்டும் புதுசு. திரைக்குக் கீழே, "இவருக்குப் பதில் இனி இவர்" என்று ஒரு வரி ஓடியது. அந்த வீட்டில் யாரும் அசரவில்லை. மாமியார் விட்ட இடத்திலிருந்து முறைத்தாள். கணவன், "பாலைச் சூடுபண்ண இவ்வளவு நேரமா?" என்றான்.

என் நாத்தனார்தான் எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரு இவ? நடையைப் பாருங்க. டம்ளரைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாருங்க. அவ கண்ணுல ஒரு பாசம் இருக்கும். இவ கண்ணுல மைதான் இருக்கு. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே இல்ல."

எனக்குச் சுரீரென்றது. நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் டீ டம்ளர்களோடு கூடத்துக்கு வந்தபோது, இதே இடத்தில் நின்று, இதே வசனத்தைத்தான் தன் கணவரின் காதில், எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். மை மட்டும் அதில் இல்லை. நான் மை வைப்பதில்லை.

நாத்தனாருக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கெட்டிக்காரி. ஊசி இறங்குவதே தெரியாது, ஏனென்றால் அந்த நேரம் காதுக்குள் சீரியல் இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு அங்கே போனேன். வரவேற்பில் இருந்த பெண், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்குக் கீழ இருக்காங்க."

வெறும் வயிறு நன்றாகவே எரிந்தது.

என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியில் ரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச ஆரம்பித்தாள். "சேனலுக்குப் போன் போட்டேன் சார், எடுக்கவே மாட்டேங்கறாங்க. பழையவ திரும்பி வர்ற வரைக்கும் பாக்க மாட்டேன்னு எங்க சீரியல் வாட்ஸ்அப் குரூப்புல அடிச்சுச் சொல்லிட்டேன்."

"எனக்கும் மனசே ஆறலம்மா" என்றார் அவர். அழுத்தம் பார்த்தார்கள், தாராளமாகவே இருந்தது. என் விரல்கள் நீலம் பாரித்த பிறகுதான் பட்டை அவள் நினைவுக்கு வந்தது.

பார்க்க மாட்டேன் என்றவள் அன்று சாயங்காலம் எனக்கு முன்னால் டிவி எதிரில் இருந்தாள். "திட்டறதுக்காவது பாக்கணும் இல்லையா அண்ணி?" என்று படத்திடம் நியாயம் கேட்டாள். திட்டவும் செய்தாள். ஆனால் நாளாக ஆகத் திட்டு இளைத்துப்போனது. "புடவைக் கட்டு பரவால்ல" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், "அழுகை கொஞ்சம் கைவந்திருக்கு" என்றாள். அந்த விஷயத்தில் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு எபிசோடில், விருந்தாளியாக வந்த ஒரு கிழவி மருமகளின் முகத்தை நிமிர்த்தி, "முன்னெல்லாம் நீ இப்படி இருக்க மாட்டியேம்மா" என்றாள். புதியவள் தலையைக் குனிந்துகொண்டாள். விளம்பரம் வந்தது. நாத்தனார் பொலபொலவென்று அழுதபடி போனை எடுத்து, குரூப்புக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

"ஏங்க, புதுசா வந்தவளைக் கரிச்சுக் கொட்டறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? அவளா கேட்டு வந்தா? காலியா இருந்த இடத்துக்குக் கூப்பிட்டாங்க, வந்தா. எந்நேரமும் பழையவ மாதிரி இல்ல, மாதிரி இல்லன்னா அவ எங்கதான் போவா? பாவம், எத்தனை நாளைக்குத் தாங்குவா?"

நான் சோபா ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. சிரிப்பு வந்தது. இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அன்று என்ன ஆயிற்றோ, வாய் முந்திக்கொண்டது.

"அவளுக்காவது கீழே ஒரு வரி போட்டாங்க. நான் வந்தன்னைக்கு அதுகூட யாரும் போடல."

என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விளம்பரம் முடிந்து சீரியல் வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அவள் ஒரு எபிசோடைப் பாதியில் விட்டது சரித்திரத்திலேயே கிடையாது. எனக்குப் பயமாகிவிட்டது. இருந்த "இங்க பாருங்க"வும் போச்சு என்று ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஏழு மணி ஆயிற்று, அவளைக் காணவில்லை. டைட்டில் பாட்டும் முடிந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, பாலைச் சூடுபண்ணி டம்ளரோடு கூடத்துக்கு வந்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"அண்ணி, ரிமோட் எங்க?"

நான் சுவரைப் பார்த்தேன். படத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். போயும் போயும் அவரிடம் ரிமோட்டைக் கேட்கிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன்.

"அங்க என்ன பாக்கறீங்க?" என்றாள் நாத்தனார். "உங்களைத்தான்."