வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளை மூஞ்சிகள்

எத்னா லேசிக்குப் பொறாமைக் குணமே கிடையாது என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அதைப் பற்றி அவளிடம் கேட்டால், "பொறாமைப்பட இங்க யாரு இருக்கா?" என்பாள். பக்கத்து நிலத்து ஃபிடெல்மா குவர்க் டப்ளினிலிருந்து திரும்பி வரும்வரை அந்தப் பதில் செல்லுபடியானது.

அயர்லாந்தின் டிப்பரரியில், கால்ட்டி மலையின் மழை முழுவதும் வந்து இறங்குகிற பக்கத்தில், அப்பா விட்டுப்போன முப்பது ஏக்கரில் எத்னா தனியாக மாடு வளர்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பிரீடா பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிரீடாவின் கணவன் கோல்மனுக்கு நூறு கறவை மாடு. பால் வேண்டுமென்றால் பசு கன்று போட்டாக வேண்டும். ஆனால் ஹெர்ஃபோர்ட் என்ற கறி இனப் பொலிகாளைக்குப் பிறந்த கன்று கறவைக்கு உதவாது. கறுப்பு உடம்பும் வெள்ளை மூஞ்சியுமாக அவை கறிக்கென்றே பிறந்தவை. வசந்தம்தோறும் அந்தக் காளைக்கன்றுகளை எத்னா ஏற்றிக்கொண்டு வருவாள். பால் காட்டி, காயடித்து, இரண்டு கோடை மேயவிட்டு, இரண்டாவது இலையுதிர் காலத்தில் சந்தையில் விற்றுவிடுவாள். பெரிய கொட்டகை வைத்திருக்கிறவர்கள் வாங்கிப்போய், குளிர்காலம் முழுக்க உள்ளே அடைத்துத் தீவனம் போட்டுக் கொழுக்கவைத்து, இறைச்சி ஆலைக்கு அனுப்புவார்கள். அது அவர்கள் வேலை. தன் வேலை வளர்த்துக் கொடுப்பது என்று எத்னா இருந்தாள்.

அந்த வசந்தத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது கோல்மனின் கன்றுக் கொட்டகையில் பாதி காலியாக இருந்தது.

"மிச்சமெல்லாம் எங்க?"

"ஃபிடெல்மா காலையிலேயே வந்து ஏத்திட்டுப் போயிட்டா மதினி. அவ அப்பா நிலம் சும்மா கிடக்குதாம், வளர்த்துப் பாக்குறேன்னா. உங்களுக்குப் பாதி வெச்சிருக்கேன்."

"நல்ல பாதியா, கழிச்ச பாதியா?"

"இதுல என்ன மதினி நல்ல பாதி? எல்லாம் ஒரே அப்பனுக்குப் பொறந்ததுதான்."

"ஒரே அப்பனுக்குப் பொறந்ததெல்லாம் ஒண்ணா இருந்தா, நானும் உன் பொண்டாட்டியும் ஒண்ணா இருக்கணுமே?"

கோல்மன் வண்டியின் பின்கதவைத் திறக்கப் போனான்.

ஃபிடெல்மா டப்ளினில் ஒரு பல் வைத்தியரிடம் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். மாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சின்ன வயசில் பார்த்ததுதான். ஆனால் தெரியாததைக் கேட்பதற்கு வெட்கப்படாதவள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எத்னாவைப் பார்த்துக் கையை ஆட்டி, "எத்னாக்கா, இதுக்கு எத்தனை வாளி பால்?" என்று கத்துவாள். அந்த 'அக்கா'தான் எத்னாவுக்குச் சுருக்கென்று குத்தும். உலகத்தில் அவளை அக்கா என்று கூப்பிட ஒருத்திதான் உண்டு. அந்த ஒருத்தியும் இப்போது ஃபிடெல்மாவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரீடா வீட்டில் தேநீர் குடிப்பது எத்னாவின் வழக்கம். அடுப்பை ஒட்டின நாற்காலி அவளுடையது. ஒரு ஞாயிறு உள்ளே நுழைந்தால், அந்த நாற்காலியில் ஃபிடெல்மா உட்கார்ந்து, பல் பிடுங்க வந்த ஒரு பாதிரியார் எழுந்து ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரீடா மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை அப்படிச் சிரித்து எத்னா பார்த்ததில்லை. தான் சிரிக்கவைத்ததும் இல்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது அது மனசில் முள்ளாகத் தைத்தது.

அதற்குப் பிறகு வேலி ஓரத்தில் எத்னாவுக்கு வேலை அதிகமாகிவிட்டது. நன்றாக இருக்கிற கம்பியை முறுக்கினாள், ஆடாத கழியை அடித்து இறக்கினாள். கண் மட்டும் அந்தப் பக்கம். ஃபிடெல்மா நிலத்தைத் துண்டு துண்டாகக் கம்பி கட்டிப் பிரித்து, கன்றுகளைப் புதுப்புல்லுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். கன்றுகளின் முதுகு எண்ணெய் தேய்த்தது போல மின்னியது.

"ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுறா போல," என்றாள் எத்னா.

"புல்லை மாத்தி மாத்திக் குடுக்குறாக்கா. நீயும் செஞ்சு பாரேன்," என்றாள் பிரீடா.

தங்கை வாயால் இதைக் கேட்கவா இத்தனை வருஷம் மாடு வளர்த்தோம் என்று எத்னா அன்று தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள்.

குளிர்காலம் போய் இரண்டாவது கோடையும் முடிந்தது. இரண்டு பக்கத்துக் கன்றுகளும் காளைகளாகிவிட்டன. எத்னாவுடையவையும் மோசமில்லை. முதுகு அகன்று, தோள் திரண்டு, சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பதத்தில்தான் நின்றன. சந்தைக்கு ஏற்றிப்போக லாரிக்காரனிடம்கூடச் சொல்லிவைத்துவிட்டாள். அந்த ஞாயிறு பிரீடாவின் அடுக்களையில் ஃபிடெல்மா சொன்னாள்: "நான் விக்கப் போறதில்ல. உள்ள அடைச்சு, தீவனம் போட்டு, நானே கொழுக்க வெச்சு நேரா ஆலைக்கு அனுப்பப் போறேன். கஷ்டமெல்லாம் நாம பட்டுட்டு, கடைசி ருசியை எவனோ பாக்குறதா? நீங்க என்ன பண்ணப் போறீங்க எத்னாக்கா?"

"நானும் அதேதான்," என்றாள் எத்னா.

சொல்லும்வரை அவளுக்கே அது தெரியாது.

பிரீடா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். "உன்கிட்டப் புல்லு ஏதுக்கா?"

"இருக்கு."

இல்லை. குளிர்காலத்துக்கென்று அறுத்து, பிளாஸ்டிக் போர்த்தி மூடிவைக்கிற புளிப்புப் புல்தான் அந்த ஊர் மாட்டுக்கு உயிர். எத்னாவின் இரண்டாவது அறுப்பு அந்த வருஷம் மழையில் மாட்டிக்கொண்டது. நனைந்ததை அப்படியே வாரிப்போட்டு மூடியிருந்தாள். மறுநாள் கோல்மன் வந்து, பிளாஸ்டிக்கைத் தூக்கி ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தான்.

"மதினி, இது மாட்டை உயிரோட வெச்சிருக்கும். சதை ஏத்தாது. ஏத்தணும்னா மூட்டை மூட்டையாத் தீவனம் இறக்கணும். இப்ப வித்துடுங்க. கோடைப்புல்லு தின்ன மினுமினுப்பு உடம்புல இருக்கு, வாங்குறவன் கண்ணுக்கு அதுதான் தெரியும்."

"இதைப் போய் ஃபிடெல்மாகிட்டச் சொன்னியா?"

"அவகிட்டப் புல்லு இருக்கு மதினி."

அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் மனசு மாறியிருக்கலாம். லாரிக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நவம்பரில் மழை பிடித்தவுடன் காளைகளை உள்ளே அடைத்தாள். முதல் சில வாரம் தீவனத்தை வாரி இறைத்தாள். அவையும் தின்றன. கிறிஸ்துமஸுக்குப் பிறகு நிலைமை மாறியது. பூசணம் பூத்த புல்லை மூக்கால் தள்ளிவிட்டு, அவளையே பார்த்து நின்றன. இரண்டு இருமத் தொடங்கின. காற்றோட்டம் போதாத பழைய கொட்டகை அது. இலையுதிர் காலத்தில் இருந்த மினுமினுப்பு போய், தோல் ரோமம் சிலிர்த்து நின்றது. தீவன மூட்டை குறையக் குறைய, காளைகளும் அதே வேகத்தில் குறைவது போல அவளுக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை ஃபிடெல்மாவின் கார் டப்ளின் பக்கம் போவதைப் பார்த்தாள். அவள் வீட்டில் யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று, சொந்த ஊரில் திருடி மாதிரி வேலியைத் தாண்டிக் குவர்க் வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தாள். உள்ளே ஒருத்தி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, இரும்புக் கவையால் புல்லை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரீடா.

"நீ இங்க என்ன பண்ற?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"ஃபிடெல்மா வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொன்னா. நீ?"

எத்னா காளைகளைப் பார்த்தாள். வால் முளைக்கிற இடத்தில் சதை மேடு தட்டி, விலா எலும்பு கண்ணுக்கே தெரியாமல், சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கு வந்து அள்ளிப் போட்டிருக்கியாடி?"

"நீ என்னிக்காவது கேட்டிருக்கியாக்கா?" பிரீடா கவையைச் சுவரில் சாய்த்தாள். "எனக்கு ஃப்ளூ வந்தப்ப நீ வந்து சமைச்சுப் போட்ட. உனக்குக் காய்ச்சல் வந்தப்ப கதவையே திறக்கல. கேட்டா குறைஞ்சு போயிடுவேன்னு நினைக்கிறவ நீ. அவ கேக்குறா. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசத் தெரியும். எனக்கு அது வராது."

"நீ பேசவே மாட்டேங்கிறியே, சிரிப்பு எங்கேருந்து வரும்?"

எத்னா வந்த வழியே வேலி தாண்டினாள். முள்கம்பியில் மாட்டி அவள் கோட்டின் கை நீளவாக்கில் கிழிந்தது.

ஜனவரி கடைசியில் வேறு வழியில்லாமல் காளைகளைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். வாங்க வந்தவர்களுக்கு அவற்றை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை. காயும் இல்லை, கனியும் இல்லை, வெம்பல். ஏலக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். விலை கேட்பவர்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் தூணுக்குப் பின்னாலிருந்து யாரோ விடாமல் விலை கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

"இந்த விலைக்கு விட்டுடலாமா எத்னா?" என்று ஏலக்காரன் குனிந்து கேட்டான். அவள் தலையை அசைத்தாள். சுத்தியல் விழுந்தது. "குவர்க்!" என்று வாங்கியவர் பெயரை அவன் ஒலிபெருக்கியில் சொன்னபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

சந்தைச் சாப்பாட்டுக் கடையில், பன்றிக்கறியும் முட்டைக்கோசும் இருந்த தட்டின் முன்னால் ஃபிடெல்மா உட்கார்ந்திருந்தாள். எத்னா நேரே போய் எதிரில் நின்றாள்.

"என்கிட்டயே வந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தான் கேக்கல. என்கிட்டப் புல்லு மிச்சம் இருக்கு, லாரியில இடமும் இருக்கு. உங்க மாட்டுல கோளாறு ஒண்ணுமில்ல எத்னாக்கா, பசிதான். உக்காருங்க, சாப்பிடலாம்."

எத்னா உட்காரவில்லை.

அந்த மூன்று மாசம்தான் அவள் வாழ்க்கையிலேயே கொடுமையானது. தான் பால் காட்டிய காளைகள், தன் கண்ணெதிரே, இன்னொருத்தி கையில் கொழுத்தன. ஏதாவது ஒன்று நொண்டக்கூடாதா என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

ஏப்ரலில் ஆலைக்குப் போகிற லாரி வந்தது. ஃபிடெல்மாவின் காளைகள் வரிசையாக ஏறிவிட்டன. எத்னாவுடையவை ஏறவில்லை. சாய்வுப் பலகையில் முன்கால் வைப்பதும், பின்வாங்கிச் சுற்றுவதுமாக இருந்தன. லாரிக்காரன் கத்தினான். ஃபிடெல்மா சகதியில் வழுக்கி உட்கார்ந்தாள். எத்னா தன் வீட்டுச் சன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்குள் பொங்கிய சந்தோஷத்தைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாது.

கதவு தட்டப்பட்டது. பிரீடா.

"வாக்கா. உன் மாடு யாருக்கும் மசிய மாட்டேங்குது."

"அது இப்ப என் மாடு இல்ல."

"சரி, அவ மாடு. வா. நான் கேக்குறேன்."

எத்னா வாளியை எடுத்துக்கொண்டாள். ஃபிடெல்மாவின் முற்றத்தில் போய் நின்று, நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "சக்... சக்... வாடா" என்றாள். பத்துத் தலையும் திரும்பின. முன்னால் நின்றவன் அவள் கோட்டின் கையை நக்கிக்கொண்டே பின்னால் வந்தான். மற்றவை அவனைத் தொடர்ந்தன. பலகை ஓரத்தில் நின்று, ஏறிப்போகிற ஒவ்வொன்றின் முதுகையும் அவள் தடவினாள். தன் கொட்டகையில் ஏறாத கொழுப்பு கைநிறைய அகப்பட்டது. பெருமையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன, எது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"உங்க குரலுக்குத்தான் வருதுங்க," என்றாள் ஃபிடெல்மா, சகதியைத் துடைத்துக்கொண்டே.

"பின்ன? நீ சோறு போட்ட, அவ்வளவுதான்."

பிரீடா சிரித்துவிட்டாள். எத்னா சொன்னதற்கு.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமைகளில் பிரீடா எத்னாவின் கொட்டகைக்கு வர ஆரம்பித்தாள். கவையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எத்னா சொல்லிக்கொடுக்க, இரண்டு பேருக்கும் சண்டை வரும். வேலிக் கம்பி இன்னமும் அடிக்கடி பழுதானது. ஆனால் அடுத்த இலையுதிர் காலத்தில், அடுத்த கூட்டத்து வெள்ளை மூஞ்சிகள் பதத்துக்கு வந்தபோது, எத்னா தன் புல்லை மோந்து பார்த்தாள், கொட்டகையைச் சுற்றி வந்தாள், விற்பது என்று முடிவு செய்தாள். அந்தத் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்காமலே முடிவு செய்தாள்.

ஃபிடெல்மா வாசலுக்கே வந்தாள். "சந்தைக்கு எதுக்கு எத்னாக்கா அலைச்சல்? நானே எடுத்துக்கிறேனே."

"வேணும்னா சந்தைக்கு வந்து கேளு."

வந்தாள். காளைகள் வளையத்துக்குள் மினுமினுவென்று சுற்றின. கார்க் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் ஃபிடெல்மாவுக்குச் சமமாக விலையை ஏற்றிக்கொண்டே போனான். ஒரு கட்டத்தில் ஃபிடெல்மா போதும் என்று தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கீழே விட்டாள். ஏலக்காரன் சுத்தியலை ஓங்கினான். எத்னா ஏலக்காரனுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஃபிடெல்மாவை முறைத்தாள்.

"என்னடி, அவ்வளவுதானா?"

சந்தையே சிரித்தது. ஃபிடெல்மா முகம் சிவக்க மறுபடி கையைத் தூக்கினாள்.