பந்தல்காலில் கட்டிய பாட்டு

நாடு சுதந்திரம் பெற்று ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். நாஞ்சில் நாடு அப்போது திருவாங்கூர்–கொச்சியோடு இருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், அஞ்சலாபீசில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. திருவாங்கூர் ராஜாவின் பழைய அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்த பிறகும் ஊர்க்காரர்களுக்கு அது அஞ்சலாபீஸ்தான், நான் 'அஞ்சல் சார்'தான். நாகர்கோவில் வடசேரிச் சந்தைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். கடலைப் பார்த்திருக்கிறேனே தவிர, கடலோடு பழக்கம் கிடையாது.

கடிதம் கொடுப்பதை விட, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதுதான் அங்கே எனக்குப் பெரிய வேலை. ஒருநாள் கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு பையன் தன் அம்மாவுக்கு எழுதியிருந்தான். நலம் விசாரித்துவிட்டு, 'பாட்டாவுடைய அந்தச் சாளைமீன் பாட்டில் இரண்டாவது அடி மறந்துவிட்டது, யாரிடமாவது கேட்டு எழுதி அனுப்பவும்' என்று கேட்டிருந்தான். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பணம் வேண்டும், பெண் பார்க்க வேண்டும் என்று எழுதுவார்கள். ஒரு பாட்டின் அடி வேண்டும் என்று கடல் கடந்து ஒருவன் எழுதுவானா?

அந்தப் பாட்டைத் தேடிப் போனதில்தான் பாட்டாவைத் தெரிந்துகொண்டேன். எழுபதைத் தாண்டிய மனிதர். பாட்டா என்றால் தாத்தா; ஊரில் சின்னவன் பெரியவன் எல்லாருக்கும் அவர் பாட்டாதான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கரமடி இழுக்கும்போது பாடுகிற பாட்டெல்லாம் அவர் கட்டியவை.

கரமடியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைகளிலும் கட்டிய வடங்களையும் கரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒருவர் ஓரடி பாடுவார், மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டே ஒருசேர இழுப்பார்கள். அதில் ஒரு கண்டிப்பான முறை உண்டு. வலை கரை ஏறும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது. பாட்டு நின்றால் கை தளரும், கை தளர்ந்தால் மீன் போய்விடும்.

பாட்டா பாட்டுக்கு அந்த ஊரே ரசிகர் கூட்டம். தலையில் ஓலைக் கடவத்தோடு திங்கள்சந்தைக்கு மீன் விற்கப் போகிற ஓர் அக்கா இருந்தார். ஊரில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. "கடவம் சொமந்து போறது எனக்க காலு இல்ல சாரே, பாட்டாவுக்க பாட்டாக்கும். பாட்டு இல்லேன்னா நான் பாதி வழியில இருந்துருவேன்" என்பார். காப்பிக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்தால் எந்தப் பாட்டு உசத்தி என்று சண்டை நடக்கும். ஒருவருக்குச் சாளைப் பாட்டு, ஒருவருக்கு மகளைக் கட்டிக்கொடுத்தபோது அவர் பாடிய பாட்டு. 'நாப்பது வருசமா கேக்கேன், இன்னும் புதுசாத்தான் இருக்கு' என்பதில் மட்டும் சண்டை கிடையாது.

நான் ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கினேன். நான்கு பேரிடம் கேட்டால் நான்கு விதமாக வந்தது. எது சரி என்று தெரியாமல் எனக்குத் தோன்றியபடி வரிசைப்படுத்தி, மசியால் அழகாக எழுதி வைத்தேன். கொழும்புப் பையனுக்கும் அதையே அனுப்பினேன். பெரிய சேவை செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பாட்டா பாடி நான் கேட்டதே இல்லை. முழங்கால் வலி வந்து, ஒரு வருடத்துக்கு மேலாக அவரை யாரும் வடம் பிடிக்க விடவில்லை. கரையில் கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பாடச் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவார். அப்போதுதான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது. நாங்கள் ஏழெட்டு ரசிகர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுப்பது, பந்தல் போட்டு, மைக் வைத்து, நாகர்கோவிலிலிருந்து ஒரு சங்கீத வித்துவானைத் தலைமைக்குக் கூப்பிட்டு, அவர் முன்னால் பாட்டாவைப் பாடவைப்பது என்று முடிவு செய்தோம்.

சம்மதம் கேட்க நான்தான் போனேன்.  அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சாரே, உம்மகிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்கு ஒண்ணும் ஓர்ம வரல்ல. வீட்டுல இருந்து பாடிப் பாக்கேன், ஒரு அடிக்கு மேல வரமாட்டேங்கு. அம்புட்டும் போச்சு. இது ஊருக்குத் தெரியாண்டாம்."

அவர் கண் கலங்கியிருந்தது.  அந்த இடத்திலேயே விழாவை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் நோட்டு இருக்கிறதே! "பாட்டா, கவலையே படாதீங்க. உங்க பாட்டு அம்புட்டும் எங்கிட்ட எழுத்துல இருக்கு. பக்கத்துல நின்னு அடி எடுத்துத் தாறேன்" என்று சொன்னேன்.

"நாலுபேரு முன்ன என்னை நாணங்கெடுத்திராதயும்" என்றார் அவர். சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் அன்று பிற்பகல் விழா. கடற்கரையை ஒட்டித் தென்னோலைப் பந்தல். வடசேரியிலிருந்து பேட்டரியில் ஓடும் மைக் செட் வந்தது. ஊர் மொத்தமும் மணலில் உட்கார்ந்திருந்தது. வித்துவான் சரிகை அங்கவஸ்திரத்தோடு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். பாட்டாவுக்கு மாலை போட்டு, அவரையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மைக்கை வாய்க்கு நேரே இறக்கிவைத்தோம். பக்கத்தில் ஒருவர் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டா சாளைப் பாட்டின் முதல் அடியைப் பாடினார். குரல் கம்மியிருந்தாலும் அதில் ஒரு கனம் இருந்தது. பாடிவிட்டு நிறுத்தினார். அடுத்த அடி வரவில்லை.

நான் குனிந்து நோட்டைப் பார்த்து அடி எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். மறுபடி சற்று உரக்கச் சொன்னேன். மைக் அதையும் பிடித்து ஊர் முழுக்கச் சொன்னது.

"இது ஆருக்க பாட்டு சாரே?" என்று அவர் கேட்டார். அதுவும் மைக்கில் கேட்டது.

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் மோசம். பாட்டாவுக்கு மறந்துவிட்டது என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. ஆர்மோனியம் மட்டும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. வித்துவான் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டா தலையைக் குனிந்துகொண்டார். மடியில் கிடந்த அவர் இரண்டு கைகளும் மூடித் திறந்து, மூடித் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தன. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒரு வயசான மனிதர் என்னை நம்பி வந்தார், நான் அவர் மானத்தை மைக் வைத்து வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து மீன்கார அக்கா எழுந்து நின்றார்.

"ஏலே, கூறு கெட்டவனுகளா! கசேரியில இருத்தி வச்சு, கையில ஒண்ணும் இல்லாம பாடச் சொன்னா அவரு எப்பிடிப் பாடுவாரு? அவருக்க கையில ஒரு வடத்தக் குடுங்கலே!"

நான் எழுந்து ஓடினேன். கரையில் சுருட்டி வைத்திருந்த கரமடி வடம் ஒன்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு முனையை எதிலாவது கட்ட வேண்டுமே? கண்ணுக்கு முன்னால் பந்தலின் நடுக்கால் நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றி, பார்சல் கட்டிய பழக்கத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். மறுமுனையைப் பாட்டாவின் கையில் கொடுத்தேன்.

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். வடத்தைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். சாளைப் பாட்டு பிறந்தது. முதல் அடி, இரண்டாம் அடி, நான் எழுதாத அடி, காப்பிக்கடையில் ஒருவருக்கும் தெரியாத அடி என்று வந்துகொண்டே இருந்தது. அந்தக் குரல் எழுபது வயதுக் குரல் இல்லை. அவர் பின்னால் ஒருவன் போய் வடத்தைப் பிடித்தான். பிறகு பத்துப் பேர். பிறகு நாற்பது பேருக்கு மேல் வரிசையாக நின்று பதில் பாடினார்கள். பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். மீன்கார அக்கா அழுதுகொண்டே பாடினார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் கண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தபோதுதான் பந்தல்கால் சாய்ந்திருப்பது தெரிந்தது.

பாட்டை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் யாரிடம் சொல்வது? வலை கரை ஏறும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது. அங்கே வலையும் இல்லை, கரை ஏறுவதற்கு மீனும் இல்லை. நான் கட்டிவைத்திருந்ததோ ஊன்றிய பந்தல்கால். அது வந்து சேராமல் அவர்கள் பாட்டு முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அஞ்சலாபீஸ் முடிச்சு, அவிழுமா? வேறு வழி தெரியாமல் பந்தல்காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் காலை மணலில் உந்தி, எதிர்ப்பக்கம் இழுத்தேன். அந்தப் பக்கம் நாற்பது பேர், இந்தப் பக்கம் நான் ஒருவன்.

பாட்டா அதைப் பார்த்துவிட்டார். பாட்டை நிறுத்தவில்லை, சிரிக்கவுமில்லை. அதே மெட்டில் அடுத்த அடி வந்தது:

"பந்தக்கால் சுறா ஒண்ணு பாடாப் படுத்துது,
அஞ்சல்காரத் தம்பி அதக் கெட்டிப் பிடிச்சிருக்கான்."

நாற்பது பேரும் பதில் பாடி ஓர் இழுப்பு இழுத்தார்கள். மணல் பிளந்தது. அடுத்த அடி இன்னும் மோசம்:

"முத்தம் குடுக்கானோ முட்டுத்தான் குடுக்கானோ,
கேட்டுச் சொல்லுங்கடி கெட்டாத பொண்ணுகளா."

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் என் பிடி விட்டுப்போய், பந்தல்கால் பிடுங்கிக்கொண்டு, பந்தல் முழுவதும் பைய இறங்கி எங்கள் மேல் படுத்துக்கொண்டது. ஓலைப் பந்தல் என்பதால் யாருக்கும் ஒரு சிராய்ப்பு கூட இல்லை. ஓலைக்கு அடியிலிருந்தும் பதில் பாட்டு வந்துகொண்டிருந்தது. பந்தல்கால் மணலில் வழுக்கிக்கொண்டு போய்ப் பாட்டாவின் காலடியில் நின்ற பிறகுதான், முறைப்படி, பாட்டு நின்றது.

நான் ஓலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பக்கத்தில் வித்துவானும் தவழ்ந்து வந்தார். தலையில் ஓலைத் துணுக்கு, அங்கவஸ்திரம் எங்கே என்று தெரியவில்லை. கோபிப்பார் என்று நடுங்கினேன். அவர் நேரே பாட்டாவிடம் போய், "பெரியவரே, இன்னொரு தடவை இழுக்கலாமா? இந்தத் தடவை நானும் பிடிக்கிறேன்" என்றார். பிறகு எல்லாருமாக நிஜமான கரைக்கே போய், அங்கே மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு பழைய வள்ளத்தில் வடத்தைக் கட்டி, பொழுது சாயும்வரை இழுத்தோம். அதற்குள் பாட்டா ஒன்பது பாட்டுப் பாடிவிட்டார்.

போகும்போது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாணங்கெட்டது நானில்ல சாரே, நீராக்கும்" என்று சொல்லி என் தோளைத் தட்டிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அவர் பிள்ளைகள் வடத்தின் கடைசியில் அவருக்கென்று ஓர் இடம் விட்டார்கள். இழுக்க வேண்டாம், சும்மா பிடித்துக்கொண்டு நின்று பாடினால் போதும் என்று. அதன்பிறகு நான்கு வருடம் அவர் இருந்தார், பாடினார். நான் நோட்டில் மேற்கொண்டு எழுதவில்லை.

பிறகு எனக்கு மாற்றல் வந்து எங்கெங்கோ போய்விட்டேன். ஓய்வு பெற்ற பின் ஒருநாள் பேரப்பிள்ளைகளோடு குளச்சல் கடற்கரைக்குப் போயிருந்தேன். கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். வலை கனத்து, கை சோர்கிற நேரத்தில் முன்னால் நின்றவன் ஓரடி எடுத்தான். 'பந்தக்கால் சுறா ஒண்ணு பாடாப் படுத்துது.' எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த அடியில் நான் வந்தேன், பந்தல்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. மொத்த வரிசையும் சிரித்துக்கொண்டே இழுத்தது. அந்த அஞ்சல்காரத் தம்பி யார் என்று ஒருவனிடம் கேட்டேன். "ஆருக்குத் தெரியும் தாத்தா, பாட்டுல வாற ஒரு பொட்டன்" என்றான். பொட்டன் என்றால் எங்கள் பக்கத்தில் முட்டாள். நான் செருப்பைக் கழற்றிப் பேரன் கையில் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் வடத்தைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெருமைகளில், பாட்டாவின் பாட்டில் அந்தப் பொட்டனாக இருப்பதைவிடப் பெரிதாக எதையும் இன்றுவரை நான் நினைக்கவில்லை.