இல்லைங்க, ஒன்பதாயிரம்

என்ன வேலை என்று யார் கேட்டாலும் கலைமதி அக்கா, "ஏர்போர்ட்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் அங்கே டிக்கெட் போடுகிறார் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் அவர் பிளேன் ஓட்டுவதாகவே முடிவு செய்துவிட்டார்கள். இரண்டும் இல்லை. வானத்தில் வந்துபோகும் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. காதில் ஹெட்செட், எதிரே திரை, திரையில் நகரும் புள்ளிகள். நீ ஏறு, நீ இறங்கு, நீ அதே உயரத்தில் இரு என்று ஒவ்வொரு விமானிக்கும் சொல்ல வேண்டும்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊர். அவர் வீட்டில் அவர் முதல் பட்டதாரி, எங்கள் வீட்டில் நான். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது, நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் விடுமுறையில் வந்தால் போய் உட்கார்ந்து, எப்படி இதெல்லாம் செய்தீர்கள் என்று கேட்பேன். கணக்கு, ஆங்கிலம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரைத் திணறடித்தது இரண்டும் இல்லையாம். 'சரிங்க' என்ற ஒரு சொல்லாம்.

எங்கள் பக்கம் பெரியவர்கள் பேசினால் பதில் அதுதான். அவர்கள் சொல்வது தப்பு என்று தெரிந்தாலும் "சரிங்க" என்றுதான் சொல்வோம். பிறகு நமக்குத் தெரிந்தபடி செய்துகொள்வோம். அக்காவின் அண்ணன் கல்யாணத்தில் கடைசி நேரத்தில் மண்டபம் மாறியது. கறம்பக்குடியில் இருக்கும் பெரியப்பா வெள்ளைச்சாமிக்குப் போன் போட்டு, அறந்தாங்கி மண்டபம் என்று அக்காதான் சொன்னார். "ஆலங்குடிதானே, வந்துர்றேன்" என்றார் பெரியப்பா. அவ்வளவு உறுதியாகச் சொல்பவரிடம் எப்படி இல்லை என்பது? "சரிங்க பெரியப்பா" என்று வைத்துவிட்டார். வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். எல்லோரும் அப்படியே நினைத்தார்கள். பெரியப்பா ஆலங்குடிக்குப் போய், முதல் பந்தியில் சாப்பிட்டு, ஆசீர்வாதம் பண்ண மேடை ஏறிய பிறகுதான் மாப்பிள்ளை நம் வீட்டுப் பையன் இல்லை என்று பார்த்திருக்கிறார்.

இதைச் சொல்லி வீட்டில் வருஷக்கணக்காகச் சிரித்தார்கள். அதே சொல் பயிற்சி நிலையத்துக்கும் கூடவே போனது. அங்கே நிஜ விமானம் கிடையாது. பக்கத்து அறையில் ஒரு பயிற்சியாளர் விமானியைப் போலப் பேசுவார். அக்காவைப் போன்ற கட்டுப்பாட்டாளர் சொல்லும் உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் தவறாகச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் உடனே மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அவர் அந்த உயரத்துக்கே போய்விடுவார். ஒரு நாள் பயிற்சியாளர் கனத்த குரலில் வேண்டுமென்றே தப்பான உயரத்தைச் சொன்னார். அக்கா அதைக் கவனித்தார். கவனித்தும், "ரோஜர் சார்" என்றார். அங்கே 'சரிங்க' என்பதற்கு அதுதான் சொல். திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகின.

"காது கேட்டுச்சுடி. வாய்தான் வரல" என்றார் என்னிடம்.

வேலைக்கு வந்த விமான நிலையத்திலும் இதே கதைதான். பின்னால் உட்கார்ந்து மேற்பார்வையிட்ட அருள்தாஸ் சார் நாகர்கோவில்காரர். "கலைமதி, நீ பிளேன இறக்குறியா, வெத்தல பாக்கு வச்சு கூப்பிடுறியா?" என்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அக்கா தனியாக அந்த நாற்காலியில் உட்காரலாம். இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்த நாற்காலியே கிடையாது, திரும்பப் பயிற்சிக்குத்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். விமானத்துக்குள்ளேயே மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. ஆனால் அது எல்லாம் தவறிய பிறகு கத்துவது. அது கத்தும்வரை விடுகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

அந்த நாளும் வந்தது. மேகம் சூழ்ந்த மாலை. புறப்பட்ட ஒரு விமானத்தை எட்டாயிரம் அடியில் நிற்கச் சொல்லியிருந்தார். எதிரே இறங்கி வந்த இன்னொன்றுக்கு ஒன்பதாயிரம் என்றார். இடையில் ஆயிரம் அடி இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று நிம்மதியாகக் கடந்துவிடும். இறங்கி வந்த விமானி திருப்பிச் சொன்னார், எட்டாயிரம் என்று. வயதான, கனத்த, சந்தேகமே இல்லாத குரல்.

"அப்புடியே பெரியப்பா கொரலுடி. சரிங்கன்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு."

ஆனால் வாயில் வந்தது, 'இல்லை' என்பதற்கான அங்கத்துச் சொல், "நெகட்டிவ்." பிறகு மறுபடி, ஒன்பதாயிரம். பின்னால் அருள்தாஸ் சாரின் நாற்காலி அசையவில்லை. பிறகு அதே குரல் ஒன்பதாயிரம் என்று திருப்பிச் சொல்லி, "தேங்க்யூ மேடம்" என்றது. திரையில் புள்ளிகள் நெருங்கின, கடந்தன, விலகின. உள்ளே இருந்த பயணிகள் யாருக்கும் எதுவும் தெரியாது.

"கோவமே படலடி அவரு. நன்றி சொல்றாரு. அப்பறம் எதுக்குடி இத்தன நாளு பயந்தேன்?"

அக்கா பயத்தை விட்டாரா, அல்லது மரியாதையைத்தான் வேறு இடத்தில் வைக்கக் கற்றுக்கொண்டாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அருள்தாஸ் சார் யோசிக்கவில்லை. "இன்னைக்குத்தான் வாய் தெறந்துருக்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே கையெழுத்தும் போட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது பெரியப்பாவின் போன் வந்தது. அக்காவின் அண்ணன் மகளுக்குத் திருக்கோகர்ணம் கோயிலில் காது குத்து. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்ப திருமயம் கோயிலுக்கு நேரா வந்துர்றேன்த்தா."

"இல்லைங்க பெரியப்பா. திருக்கோகர்ணம்."

அடுப்படியிலிருந்து அக்காவின் அம்மா இருளாயி எட்டிப் பார்த்தார். "ஏன்டி, பெரியவுகள மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லைங்கிறவ?"

அக்கா சிரித்தார். "பெரியப்பா, எங்கன்னு ஒருதடவ திருப்பிச் சொல்லுங்க."

"திருக்கோகர்ணம். ஏத்தா, காது குத்துக்கும் ஏர்போர்ட்டு சட்டமா?"

"ஆமாங்க பெரியப்பா."

"நல்லதுத்தா. அந்த ஆலங்குடிக்காரன் பாயாசத்துல சக்கரையே போடல."