ஏலக்காரியின் காது

காது கேட்பதைச் சோதிக்கிற ஆடியாலஜி முதுகலையில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவை என்னிடம் அனுப்பினார்கள். என் திறமைக்காக இல்லை, என் ஊருக்காக. வகுப்பில் பாதிப்பேர் கேரளத்துக்காரர்கள். மற்றவர்கள் மைசூர், கோயம்புத்தூர், நாகர்கோவில் பக்கம். வடசென்னைக் காசிமேட்டு ஆட்கள் பேசுவதை நின்று நிதானமாகக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது எங்கள் பேராசிரியைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் எம்.கே.பி. நகர் ஹவுசிங்போர்டில் பிறந்து வளர்ந்தவள். 'இன்னா'வையும் 'கீது'வையும் பஸ்ஸிலேயே இறக்கிவைத்துவிட்டுத்தான் கல்லூரிக்குள் போவேன்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல ஆகிருதி. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவர். கூடவே அவருடைய தங்கை வந்திருந்தார். அக்காவுக்கு ரெண்டு மாசமாகக் காதே கேட்கவில்லை, ராயபுரத்தில் ரெண்டு டாக்டர் பார்த்துவிட்டார்கள், காதில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் கேட்கவில்லை என்று தங்கை சொன்னார். என்ன நடந்து காது போனது என்று கேட்டேன். தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனசு சரியில்லாம இருந்துச்சு" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒலி புகாத அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினேன். சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று சைகையில் காட்டினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக ஏற்றிக்கொண்டே போனேன். கருவி கொடுக்கக்கூடிய அதிகபட்ச ஒலி வரை போயும் பொத்தான் அசையவில்லை. அந்த அளவில் ஒலி கொடுத்தால் சுத்தமாகக் காது போனவர்கள்கூட கன்னத்தில் ஏதோ அதிர்கிறது என்று கையை வைப்பார்கள். இவர் மடியில் கையை வைத்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. புதிதாகக் காது போனவர்கள் கத்திப் பேசுவார்கள். தங்கள் குரலே தங்களுக்குக் கேட்காது, அதனால் அளவு தெரியாது. இந்த அம்மா வெளியே வராந்தாவில் கொஞ்சம் உரக்கப் பேசினார். ஒலி புகாத அறைக்குள் வந்ததும் குரல் தானாகத் தணிந்துவிட்டது. அறை எவ்வளவு அமைதியோ அவ்வளவு தணிவு.

பேராசிரியையிடம் சொன்னேன். பெரா சோதனை எடுத்துப் பார் என்றார். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்தால், அந்த ஒலி நரம்பு வழியாக மூளையின் அடித்தண்டுக்குப் போய்ச் சேருவதைக் கம்ப்யூட்டர் அலையாக வரைந்து காட்டும். பொத்தான் அழுத்த வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். அசையாமல் படுத்திருந்தால் போதும், தூங்கினால் இன்னும் நல்லது.

அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். பல நாள் தூங்காதவர் தூங்குகிற மாதிரி, வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலைகள் வந்தன. ஒலியைக் குறைத்தேன், அப்போதும் வந்தன. இலை அசைகிற அளவுக்குக் குறைத்தும் வந்தன. ஒயர்களைச் சரிபார்த்தேன், இன்னொரு தடவை எடுத்தேன், மறு காதுக்கும் எடுத்தேன். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் படம் மாதிரி இருந்தது. எங்கள் வகுப்பில் ஒருவரையொருவர் சோதித்துப் பழகும்போது எனக்கு வந்த அலைகள்கூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

பேராசிரியை வந்து திரையைப் பார்த்தார். தூங்குகிறவரைப் பார்த்தார். வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். இந்த அம்மா நடிக்கவில்லை. காதில் பழுதில்லை, ஆனால் அவருக்குக் கேட்கவில்லை என்பதும் உண்மை. தாங்க முடியாத ஒன்று நடந்தால் சிலருக்கு இப்படி ஆகும். 'உனக்குக் கேட்கிறது' என்று அவரிடம் சொல்லிவிடாதே, சொன்னால் அவரைப் பொய்க்காரி என்கிறோம் என்று ஆகிவிடும். நரம்பு அசந்துபோயிருக்கிறது, மெல்லத் திரும்பும் என்று சொல்லி வாராவாரம் வரச் சொல். பக்கத்துக் கட்டடத்தில் மனநல டாக்டரையும் பார்க்கட்டும். திரும்பி வருவதற்கு அவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும், அதை நாம் அடைத்துவிடக் கூடாது.

தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொல்லும்படி சொன்னார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். சொல்லும்போது பதற்றத்தில் என் பேச்சு நழுவி, "அக்காவுக்கு காது நல்லாத்தான் கீது" என்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எந்த ஏரியா?"

"எம்.கே.பி. நகர்."

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு ஒரே பெண். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காலையில் போட்டுகள் வந்து சேரும் நேரம் அம்மா சாப்பிடாமல் ஓடிவந்துவிடுவார் என்று தூக்கில் இட்லி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வருவாள். அன்றைக்கும் வந்தாள். ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அம்மாவைச் சுற்றி ஆட்கள். மகள் பின்னால் நின்று, "யம்மா" என்றாள். ரெண்டு மூணு தரம் கூப்பிட்டாள். அம்மா ஏலத்தை விடாமல், திரும்பாமல், இடது கையைப் பின்னால் நீட்டி 'இரு' என்று காட்டினார். மகள் இருந்தாள். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு தூண். ஐஸ் லாரி ஒன்று அங்கே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் உயிர் இருந்தது. கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த அக்காவிடம், ஒரு வாய் காபியாவது குடி என்று தங்கை சொல்லியிருக்கிறார். அக்கா நிமிர்ந்து பார்த்து, "இன்னா சொல்றே, கேக்கல" என்றாராம். அதிலிருந்து இப்படித்தான்.

சொல்லி முடித்துவிட்டு தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்போ இப்ப யார் கூப்ட்டாலும் அவ காதுக்குள்ள போய்கினுதான் கீதா?"

ஆமாம் என்றேன்.

"தெருவுல எந்தப் புள்ள யம்மான்னு கூப்ட்டாலும்?"



அதன் பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. நம் ஊரில் எத்தனை பேர் எத்தனை பேரை அம்மா என்கிறார்கள் என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை. கண்டக்டர், காய்கறிக்காரர், ஆஸ்பத்திரி வாட்ச்மேன், தண்ணீர் லாரிக்காரர், எல்லாரும் வழியில் நிற்கிற பெண்ணை அம்மா என்றுதான் நகரச் சொல்கிறார்கள். எங்கள் பிளாக்கில் காலையிலிருந்து மாடிப்படி முழுக்க 'யம்மா, யம்மா' என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே ஏறி இறங்குவார்கள். ஏதாவது ஒரு வீட்டில் பதில் வராமல் அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் எழுந்துவிடுவேன். யார் வீட்டுப் பிள்ளை என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் புத்தகத்தில் கண் போகும். என் அம்மாவை நான் பின்னாலிருந்து கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். சமையலறைக்குள் போய், அவர் பக்கத்தில் நின்று, அவர் என்னைப் பார்த்த பிறகுதான் பேசுவேன். இன்னாடி பேய் மாதிரி வந்து நிக்கிறே என்று திட்டுவார்.

அந்த அம்மாவையும் நான் அதற்கப்புறம் அம்மா என்று கூப்பிடவில்லை. அக்கா என்றேன். உதட்டைப் பார்த்தே அவர் புரிந்துகொள்கிறார் என்று தங்கை நம்பினார், அவரும் அப்படித்தான் நம்பினார். நான் முகத்துக்கு நேராக நின்று மெதுவாகப் பேசுவேன். வாராவாரம் வந்தார். ஹெட்போன் மாட்டுவேன், ஒலி கொடுப்பேன், பொத்தான் அசையாது. நரம்புக்கு ஓய்வு வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பேன். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் டாக்டரிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அங்கே என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் தங்கை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். பெரா அறையில் நாங்கள் ரெண்டு பேர்தான். சோதனை முடிந்து அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பசையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ காதுக்குத்தானே கண்ணு படிக்கிறே?" என்றார்.

தலையாட்டினேன்.

"உசுரு போற நேரத்துல காது கேக்குமா?"

நான் கையை எடுத்துவிட்டேன். அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை, பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. தொடர்ந்து சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாளாம், பேசுங்க, கண்ணு திறக்காட்டியும் காது கேக்கும், கடைசியா போறது காதுதான் என்று.

"ரெண்டு நாளும் அது காதாண்ட குந்திகினு சொல்லிகினே இருந்தேன். தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்னு. வேற ஒண்ணும் வாயில வரல. அதுக்குக் கேட்டிருக்குமா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நோயாளி முன்னால் அழக் கூடாது என்பதற்காக மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்தேன். அவருக்கு முதுகு காட்டி, ஒயரைப் பார்த்தபடி, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னேன்:

"கேட்டிருக்கும்க்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது, என் உதட்டை அவர் பார்க்கவில்லை என்று. கம்ப்யூட்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் அவர் பெருமூச்சு விட்டார்.

"சரி" என்றார்.

நான் திரும்பவில்லை. சுற்றிய ஒயரைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டு நின்றேன். தங்கை மருந்தோடு வந்து, போலாமா என்று சைகை காட்டினார். ரெண்டு பேரும் போனார்கள்.

பேராசிரியையிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, காதில் விழுந்ததை அந்த அம்மாவிடம் ஒருபோதும் சொல்லிக் காட்டாதே என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் மிகப் பெரிய ஒலிகளுக்குப் பொத்தான் அசைந்தது. அதற்கடுத்த வாரம் கொஞ்சம் சின்ன ஒலிகளுக்கும். நரம்பு திரும்பி வருகிறது என்று சொன்னேன். அவரும், ஆமா கண்ணு, தூரத்துல கேக்குற மாதிரி கீது என்றார். மழைக்காலம் முடிவதற்குள் எல்லா ஒலிக்கும் அழுத்தினார். பிறகு வருவது நின்றுபோனது.

கேட்டிருக்கும் என்று நான் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். நினைவில்லாமல் கிடப்பவர்களுக்கும் அலை வரக்கூடும், அது நான் படித்ததுதான். ஆனால் அலை வருவது வேறு, கேட்பது வேறு என்று அந்த அம்மாவின் காதே எனக்குக் காட்டியிருந்தது. அவருக்கு வந்த அலையைப் பார்த்த அதே அறையில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும் என்று சொன்னேன். கேட்டிருந்தால் அந்தப் பெண் 'தோ வந்துட்டேன்' என்பதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்பதும் எனக்கு அடிக்கடி வரும் யோசனை. காத்திருந்திருப்பாளோ என்னவோ.

படிப்பு முடித்து திருவொற்றியூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காசிமேடு போனேன். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் குரல்தான் வந்தது. ஏலக்குரலை நான் அதுவரை கேட்டதில்லை, இருந்தாலும் அவர்தான் என்று தெரிந்தது. கூட்டத்தின் நடுவில், எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். இரைச்சலில் யார் என்ன விலை சொன்னாலும் உடனே பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே தங்கை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். தங்கை கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"முன்னால போ கண்ணு. பின்னால இருந்து கூப்ட்டா திரும்ப மாட்டா. இங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் கூப்புட மாட்டாங்க."

அப்போதுதான் கவனித்தேன். ஒரு கூடைக்காரர் அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தவர், ஏதோ சொல்ல வேண்டி, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றார். வண்டிக்காரர் ஒருவரும் அப்படியே செய்தார். எங்கேயோ ஒரு பெண்பிள்ளை "யம்மா" என்று கூப்பிட்டது. வரிசையில் இருந்த பெண்கள் பலர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். அவர் கழுத்து மட்டும் அசையவில்லை, குரல் ஒரு நொடி நின்று மறுபடி ஏறியது.

ஏலம் முடிந்ததும் நானும் சுற்றிப் போய் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்தவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டார். படிப்பு முடிந்ததா, எங்கே வேலை என்று கேட்டார். பிறந்த குழந்தைகளுக்குக் காது சோதிக்கிற வேலை என்றேன்.

"வாய் தொறக்காத புள்ள, கேக்குதா இல்லியான்னு எப்டி சொல்லும்?"

"அது சொல்ல வேணாம்க்கா. தூங்க வெச்சுட்டு எடுப்போம். காதுக்குப் போறது மெஷின்ல தெரிஞ்சிடும்."

"தூங்கும்போதும் காதுக்குள்ள போவுமா?"

போகும் என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, நல்ல வஞ்சிரமாக ஒன்றைத் தேடி எடுத்து, தங்கையிடம் கொடுத்து, இதை நறுக்கிக் குடு என்றார். அடுத்த கூடை வந்து இறங்கியது. அவர் ஏலத்தை ஆரம்பித்தார்.