கொல்லிமலையில் நான் இடிக்க இருந்த சிற்றாலயம்

கொல்லிமலையில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதியை விரிவாக்கப் போகிறார்கள். வரைபடம் என் பொறுப்பு. சேலத்தில் மறைமாவட்டக் கட்டடக் குழு முன்பே முடிவெடுத்துவிட்டது: முதலில் சிற்றாலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவது, அறைகள் இரண்டு வருடம் கழித்து. காரணம், கல்லூரி மாணவர் பணிக்குழுவின் அறிக்கை. காலை ஜெபத்துக்குத் தினமும் நாற்பத்தைந்து பேராம். அதில் கத்தோலிக்கர் ஒன்பதே பேர், மற்றவர்கள் மலைவாழ் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். எங்களுக்கு ஒரே பூரிப்பு.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அளவெடுக்கக் கிளம்பினேன். வாடகைக் கார், ஓர் இரவு தங்கலோடு 5,500 ரூபாய். காலை பத்துக்குப் புறப்பட்டு, ராசிபுரம் வழியாகப் பன்னிரண்டு மணிக்கு மலையடிவாரத்துக் காரவள்ளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். "எண்ணாதீங்க மேடம், எண்ணுனாத்தான் வாந்தி வரும்" என்றார் ஓட்டுநர். முப்பதாவது வளைவில் அவர் சொன்னது பலித்தது.

சாயங்காலம் அறைகளை அளந்தேன். நாற்பது பேருக்குத்தான் இடம், இருப்பதோ எழுபத்தாறு பேர். நெருக்கிப் படுத்துக்கொள்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் ஆறு மணி ஜெபத்துக்கு முன் சிற்றாலயத்தை அளந்துவிடலாமென்று ஐந்தேகாலுக்கு டேப்போடு போனேன். விளக்கைப் போட்டேன். பீடத்தின் படிவரை பாய்கள். முப்பத்தாறு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் படுத்திருந்தவள் எழுந்து, "ஏனுங்க, நேரமாயிருச்சுங்களா?" என்றாள். மளமளவென்று பாயைச் சுருட்டிவிட்டு, அந்தக் குளிரில் போக வேறு இடமின்றிப் போர்வையோடு அங்கேயே உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தார்கள். மொத்தம் நாற்பத்தைந்து.

அந்தத் தரைக்குத்தான் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு 'இடிக்க' என்று எழுதியிருந்தேன்.

கதவோரப் பெண் பூங்கொடி, மலையிலேயே ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் மரவள்ளி போடும் குடும்பம். "எங்கூர்ல இருந்து மொத பஸ்ஸுக்கு வந்தாலும் ரெண்டு பீரியடு போயிருமுங்க. இங்க எடம் இல்லீன்னா ஊட்டுக்குத்தான் போவணும். அப்பா மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்காருங்க."

விடுதித் தலைவி சிஸ்டரிடம் கோபமாகவே கேட்டேன், ஏன் இதைச் சொல்லவில்லை என்று.

"சொன்னா, பாதுகாப்பில்லைன்னு முப்பத்தாறு பேரையும் அனுப்பச் சொல்லுவாங்க. நீங்க வேணா எழுதுங்க மேடம். அனுப்பச் சொன்னா நானும் அவங்க கூடவே வெளிய போயிருவேன்னு சேத்து எழுதுங்க."

குழுவுக்குச் சேர்த்தே எழுதினேன். அடுத்த வாரக் கூட்டத்தில் குழுத் தலைவரான பாதிரியார், "அப்ப ஜெபத்துக்குன்னு வர்றது எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

"ஒன்பது, ஃபாதர்."

அவரே அறைகளை முதல் கட்டத்துக்கு மாற்றச் சொன்னார்.

இப்படி வேலையாகப் போகிறவர்களுக்கு: கம்பளி எடுத்துப் போங்கள். வளைவுகளுக்கு முன் அதிகம் சாப்பிடாதீர்கள். கட்டாயம் ஓர் இரவு தங்குங்கள், பகலில் போனால் பெருக்கித் துடைத்த காலித் தரைதான் தெரியும். வாய்வார்த்தையை நம்பியும் திரும்பிவிடாதீர்கள். அறைகள் எழும்வரை ஒரு பெண்ணையும் வெளியே அனுப்புவதில்லை என்று குழுவிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நான் புது வரைபடத்தைக் கொடுத்தேன்.