வீடில்லாத வீட்டுக்காரர்

கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியும் நான் அம்பத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தார். பேச்சுவாக்கில் நான் ‘எங்க வீட்டுக்காரர்’ என்று சொன்னால் போதும், வீடே இல்லாத ஆளுக்கு அந்தப் பட்டம் எதற்கு என்று விடுதித் தோழிகள் என்னை ஓட்டி எடுத்துவிடுவார்கள். கோபம்தான் வர வேண்டும், ஆனால் சிரிப்பு வந்துவிடும். அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் திருமழிசையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்கு எழுதினார். மாலையில் பஸ் மாறி மாறி அம்பத்தூர் வந்து சேருவார். என் கம்பெனி இருந்த தொழிற்பேட்டை வாசலில் ஆளுக்கு ஒரு டீ, கொஞ்ச தூரம் நடை, அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். ஏழு மணிக்கு வார்டன் கேட்டைப் பூட்டிவிடுவார் என்பதால், ஆறே முக்காலுக்கே என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “வா, விட்டுட்டு வரேன்” என்பார். தாலி கட்டிய பெண்டாட்டியை கேட் வரை கொண்டு வந்து டாட்டா காட்டி அனுப்பும் மனிதரைப் பார்த்து வாட்ச்மேனே பரிதாபப்பட்டார்.

வாடகை குறைவான ஊராகப் பார்த்துப் போக என் வேலை விடவில்லை. அது தொண்ணூறுகளின் பின்பாதி. என்னோடு கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் ஊர் உலகத்துக்குத் தெரிந்த மொழிகளில் புரோகிராம் எழுதி, கம்பெனி விட்டுக் கம்பெனி தாவிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியது ஃபோர்த் என்ற மொழியில். பிஸ்கட்டை எடை போட்டுப் பாக்கெட்டுக்குள் தள்ளும் இயந்திரத்துக்கு அதில்தான் புத்தி சொல்ல வேண்டும். அந்த மொழிக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான். சம்பளமும் சுமார்தான். மற்ற மொழிகளில் பெரும்பாலும் கட்டளை முன்னால் வரும், எதை வைத்துச் செய்ய வேண்டும் என்பது பின்னால் வரும். ஃபோர்த்தில் பொருள் முதலில், கட்டளை கடைசியில். தலைகீழ் மொழி என்று எல்லோரும் திட்டினார்கள். எனக்கு மட்டும் அது எப்படியோ முதல் நாளிலேயே படிந்துவிட்டது. அதன்மேல் அப்படி ஒரு பைத்தியம் எனக்கு. அதை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டு-லெட் பலகை தேடி அலைந்தோம். கம்ப்யூட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் ஹவுஸ் ஓனர்களுக்கு எங்கள் தலைக்கு மேல் அமெரிக்கா போகும் விமானம் பறப்பது தெரியும். சொன்ன வாடகை அங்கேயே ஏறிவிடும். நாலைந்து வீடுகள் இப்படிக் கைநழுவியதும், இனி அந்தச் சொல்லை மூச்சு விடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் உத்தரவு போட்டார்.

ஆவடியில் ஒரு வீட்டின் கீழ் போர்ஷன் காலியாக இருந்தது. ஓனர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஓர் அறை, ஒரு சமையலறை, குழாயில் தண்ணீர். எனக்கு அடுப்பு வைக்கும் இடம் வரை தெரிந்துவிட்டது. இது கிடைக்காவிட்டால் ஆடி முடியும் வரை கேட்டில் டாட்டாதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

“நீ எதுலம்மா வேலை பாக்குற?” என்று பெரியவர் கேட்டார்.

“ஃபோர்த்ல” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

“கிளாஸ் ஃபோரா? படிச்ச பொண்ணு மாரி கீற, ஃபைல் தூக்க வெச்சுகினு கீறானுங்களா உன்ன?”

அவர் தொழிற்சாலையில் கிளாஸ் ஃபோர் என்றால் கடைநிலை ஊழியர். மனிதர் உருகிவிட்டார். நாங்கள் கேட்காமலே வாடகையைக் குறைத்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் பல்பு எரிந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் ஃபோர்த்தைப் போய் ஃபைல் தூக்கச் சொன்னால் எப்படி? அது கம்ப்யூட்டர் பாஷை, நான் அதில் புரோகிராம் எழுதுகிறேன் என்று படபடவென்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் என்றால் ரேட்டு வேறு என்றார் பெரியவர். குரலே மாறிவிட்டது. பிறகு அந்த பாஷையில் ஏதாவது பேசிக் காட்டச் சொன்னார்.

அதை வாயால் யார் பேசியிருக்கிறார்கள்? மனசுக்குள் ஒரு வரி எழுதி, அப்படியே தமிழாக்கினேன். “ரெண்டு, மூணு, கூட்டு. வந்தத காட்டு.”

“அப்பால?”

“அவ்வளவுதான் ஐயா.”

பெரியவர் அதைத் தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். “இது தமிழுதானேம்மா. கதவ சாத்துன்றோம், சாத்து கதவன்னா சொல்றோம்? இதுக்குப் போயி கம்ப்யூட்டர் ரேட்டு கேட்டா நல்லா இருக்காது.”

இத்தனை வருஷம் அந்த மொழியோடு புரண்டும் எனக்கு அது தோன்றவில்லை. விரல் தானாக ஓடியதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, அவருக்கும் தொற்றிக்கொண்டது. கிளாஸ் ஃபோர் வாடகையும் வேண்டாம், கம்ப்யூட்டர் வாடகையும் வேண்டாம், ஊரில் எல்லோரும் கொடுப்பதைக் கொடுங்கள் என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எங்களுக்கு ‘ஃபோர்த்து வீடு’ என்றே பெயர்.

அடுத்த ஞாயிறு ஒரு ஸ்டவ், இரண்டு பாய், ஒரு பக்கெட்டோடு குடிபோனோம். சாயங்காலம் உலை வைத்து அரிசியைப் போட்டேன். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார்.

“வா, விட்டுட்டு வரேன்.”

நானும் ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். அங்கேதான் இருவருக்கும் உறைத்தது. அவர் மாட்டிய செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி அழுகை.

மாடியிலிருந்து பெரியவர் குரல் கேட்டது. “கொசு வருது பாரு, கதவ சாத்தும்மா.”

சாத்தினேன். இருவரும் உள்ளே இருந்தோம்.